கெட்டிமேளத்துக்கு முன்னால் என் குரல்

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். பெரியவள் நாதஸ்வரம் வாசிப்பதை வீடியோ எடுக்கப் போகிறார்களாம். சின்னவன் தவிலோடு பக்கத்தில் உட்கார வேண்டுமாம். அதற்குள் நீங்கள் இருவரும் இதைப் படித்துவிட வேண்டும். நேரில் சொல்லலாம்தான். சொன்னால் எனக்குக் கோபத்தில் வார்த்தை குழறும், உங்கள் அம்மா நடுவில் சிரித்துவிடுவாள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு இசைப்பள்ளியில் மூன்று வருஷம் படித்தேன். தாளம் தப்பினால் தொடையில் அடி விழும். அப்படிக் கற்றது இன்றுவரை தப்பவில்லை. ஆனால் ஒருவர் வந்து “இதை நாங்க வச்சுக்கிடலாமா?” என்று கேட்டால் திருப்பி என்ன கேட்க வேண்டும் என்பது எங்கள் பாடத்தில் இல்லை.

கே.கே. நகரில் கல்யாண ஏற்பாடு செய்கிற ஒருவரை உங்களுக்கு நினைவிருக்கும். பூ, பந்தல், போட்டோ, சாப்பாடு எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே. ஈவென்ட்காரர் என்றுதான் சொல்வோம். முன்பு இரண்டு வருஷம் நமக்கு வந்த முகூர்த்தங்களில் பாதி அவர் கொடுத்தவை. என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் நான் அவரை அண்ணே என்பேன், அவரும் என்னை அண்ணே என்பார்.

ஒருநாள் என்னையும் என்னோடு தவில் வாசிக்கும் உங்கள் மாமாவையும் தன் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். ஏசி அறை, ஆளுக்கொரு காபி. எங்களுக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்தார்.

“கெட்டிமேளம் மட்டும் ஒண்ணு வாசிங்கண்ணே. கல்யாண வீட்டுக்காரவுக சாம்பிள் கேக்குறாக. நாங்க இத யூஸ் பண்ணிக்கிடலாம்ல?”

“அதுக்கென்னண்ணே!” என்றேன்.

சொன்ன வேகத்திலேயே மூச்சை இழுத்து வாசிக்கத் தொடங்கினேன். ரெக்கார்டிங் மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்த வைகாசியில் அவரிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. நானே கூப்பிட்டதற்கு, “சீசன் டல்லுண்ணே” என்றார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் வாசிப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை மாற்றினேன். விடிகாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகச் சாதகம் செய்தேன். அழகர்கோவிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன். நான் படித்ததெல்லாம் வாசிப்பு. அதனால் எந்தக் கஷ்டம் வந்தாலும் இன்னும் கொஞ்சம் வாசி என்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. இன்று அதை நினைத்தாலே வாய் கசக்கிறது.

ஆவணியில் பேரையூரில் அம்மா வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நீங்கள் பரீட்சை என்று வரவில்லை. மேளத்துக்கு என்னைச் சொல்லவில்லையே என்று எனக்கு வருத்தம். மாப்பிள்ளை வீட்டார் எல்லாவற்றையும் மொத்தமாக அந்த ஈவென்ட்காரரிடம் விட்டுவிட்டார்களாம். மண்டபத்தில் மேளக்காரர் உட்காரும் இடத்தில் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு நின்றன. ஐயர் கையை உயர்த்தி “கெட்டிமேளம், கெட்டிமேளம்!” என்றார்.

ஸ்பீக்கர் சொன்னது: “துக்கென்னண்ணே!”

அதன் பிறகுதான் நாதஸ்வரம் கிளம்பியது. என் நாதஸ்வரம், உங்கள் மாமாவின் தவில். நான் வாசிக்க, நானே கையில் அட்சதையோடு நிற்கிறேன். முன்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். உங்கள் அம்மா அட்சதையைப் போடாமல் என்னையே பார்த்தாள்.

“ஏங்க, ஊருல நடக்குற கல்யாணத்துக்கெல்லாம் நீங்கதான் சம்மதம் சொல்றீகளோ?”

நேரே சவுண்ட்காரரிடம் போனேன்.

“தம்பி, இது யாரு வாசிச்சது?”

“தெரியலண்ணே. அம்புட்டு மண்டபத்துலயும் இதத்தான் போடுறாக. சுத்தமா இருக்கும்.”

“நான் வாசிச்சது.”

அவர் எழுந்தே நின்றுவிட்டார். “அட, அந்தக் குரலு நீங்கதானா! நாங்க உங்களுக்குப் பேரே வச்சிருக்கோம்ணே, ‘அதுக்கென்ன அண்ணன்’னு!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“என்னயக் கேக்காம எப்படிப்பா போடலாம்?”

அவர் லேப்டாப்பில் சத்தத்தைக் குறைத்து அந்த முதல் துண்டை மட்டும் மறுபடி ஓடவிட்டார். துக்கென்னண்ணே. “கேட்டிருக்காக போலயே, நீங்களும் சரின்னுட்டீக” என்றார். கேலியில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்ணே, ஊஞ்சலுக்குத்தான் நல்லதா ஒண்ணும் சிக்கல. ஒரு பிட்டு வாசிச்சுக் குடுங்களேன்” என்றார்.

பிள்ளைகளா, என் வாய் தானாகத் திறந்தது. “அ” வரைக்கும் வந்துவிட்டது. அம்மா சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் மீதியும் வந்திருக்கும்.

மறுநாள் ஈவென்ட்காரரைக் கூப்பிட்டேன்.

“சாம்பிளுன்னுதானண்ணே கேட்டீக?”

“யூஸ் பண்ணிக்கிடலாமான்னும் கேட்டேன்லண்ணே. இப்ப நான் என்ன செய்ய? அதக் கேட்டுட்டு, இதே போதும், ஆளு எதுக்குன்னு பார்ட்டியே சொல்லுது. எங்கிட்ட இருக்கறத அழிச்சுருறேன். வாங்கிட்டுப் போனவுகட்ட எப்படிப் போயிக் கேக்க?”

நாதஸ்வரம் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. என்னைத்தான் கேட்கிறார்கள், என்னைத்தான் போடுகிறார்கள். நான் மட்டும் அங்கே தேவையில்லை.

அந்த மனிதர் மேல் கோபம் இருந்தது, போய்விட்டது. என் வாயில் வந்த அந்தச் சொல்லின் மேல்தான் இன்னும் அருவருப்பு. அதைச் சொன்னபோது நான் சிரித்திருக்கிறேன். குரலிலேயே சிரிப்பு கேட்கிறது. எதையும் கேட்காதவன், நல்ல மனுஷன் என்று பெயர் வாங்கும் ஆசை அந்தச் சிரிப்பில் வழிகிறது. சீ என்று வருகிறது. பணிவு என்று நினைத்திருந்தேன். அது பணிவில்லை, சோம்பேறித்தனம். ஒரு நிமிஷம் சங்கடப்படப் பயந்து ஒரு சீசனைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் பெரியவள் மாடிப்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் என்ன கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இவள் சொன்னது கேட்டது: “அதுக்கென்னண்ணே, எடுத்துக்கங்க!” அதே இழுப்பு, அதே சிரிப்பு. எனக்கு அதே அருவருப்பு வந்தது. உன் மேல் அல்ல, பெரியவளே. இதை யாரிடமிருந்து எடுத்தாய் என்று தெரிந்ததால்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்ததும் உட்காரச் சொல்லுங்கள், காபி கொடுங்கள். மைக் ஓடுகிறதா என்று பாருங்கள். எதற்கு எடுக்கிறீர்கள், எங்கே போடுவீர்கள், எத்தனை நாளைக்கு, எங்கள் பெயர் வருமா, வேறு இடத்தில் போடுவதானால் எங்களைக் கேட்பீர்களா என்று கேளுங்கள். சொல்வதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு சீவாளியைச் செருகினால் போதும். முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். எழுந்து போனால் காபி டம்ளரை எடுத்து வையுங்கள்.

நீங்கள்தான் கேட்க வேண்டும். நான் அடுப்படியில் இருப்பேன், முன்னறைக்கு வரமாட்டேன். என் வாயின் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.