ரோசாப் புதருக்குள் கிடப்பவன்

லண்டன் வால்தம்ஸ்டோவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் நானும் ரஜனியும் பதினொரு வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். வேலையில் அவள் கெட்டி. வாயும் அப்படித்தான். ஆனால் ஒரேயொரு படத்துக்கு மட்டும் அவளால் சட்டம் போட முடியவில்லை. அது அவளுடைய அண்ணன் கிருசாந்தனின் படம்.

போர் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், வட்டுவாகல் பாலத்தடியில், சனத்துக்குள் தாயின் கையை விட்டுப் போனவன் அவன். எங்கள் வீடுகளில் தனி ஆளின் முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால், அந்த ஆள் செத்துவிட்டார் என்றுதான் அர்த்தம். தாய் பாலாம்பிகை அதற்கு விடவே இல்லை.

"அந்தியேட்டியைச் செய்து முடிப்பம் அம்மா. அண்ணையின்ர ஆத்மா அலையக் கூடாது" என்று, செத்தவருக்குச் செய்யும் அந்தக் கடைசிக் கிரியைக்காக ரஜனி மன்றாடாத வருடமில்லை.

"அவன் செத்ததை நீ கண்டனியோ?" என்பார் தாய்.

இரண்டு வருடங்களுக்கு முன் யாரோ சட்டம் போடக் கொடுத்த அச்சுப்படம் ஒன்று எடுப்பாரில்லாமல் கடையில் கிடந்தது. பிரெஞ்சு ஓவியர் ஃபிராகோனாரின் ஊஞ்சல் ஓவியம். ஓரத்தில் பென்சிலால் எண் போட்டிருந்தது, இருநூற்றைம்பது பிரதிகளில் நாற்பத்தோராவது. ஊஞ்சலில் சீமாட்டி ஒருத்தி காலைத் தூக்கிச் செருப்பை எறிகிறாள். ரோசாப் புதருக்குள் கிடக்கும் இளைஞன் அவள் பாவாடைக்குக் கீழே அண்ணாந்து பார்க்கிறான். இதைப் போய்ப் பெரிய கலை என்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரஜனி புதருக்குள் கிடந்தவனையே குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இந்தப் பெடியனைப் பாருங்கோ. எங்கட அண்ணை மாதிரியே இருக்கிறான்."

படத்தோடு வந்த தாளை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஓவியர் கையுறை செய்பவரின் மகனாம். பாரிசில் பேரும் புகழுமாக இருந்தாராம். மகள் பதினெட்டோ பத்தொன்பதோ வயதில் இறந்தாளாம். புரட்சிக்குப் பிறகு அவரை யாரும் தேடவில்லையாம்.

"மகள் செத்தது அவருக்குத் தெரியும்தானே" என்றாள் ரஜனி. "அதுவே பெரிய புண்ணியம்."

முதலாளி படத்தை அவளையே கொண்டுபோகச் சொல்லிவிட்டார். எண் மறையாதபடி அகலமாக ஓரம் விட்டு, தங்க நிறச் சட்டம் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோனாள். வெள்ளைக்காரன் கீறிய படம்தானே, தாய்க்கு அதில் ஆட்சேபம் இருக்காது என்று நினைத்தாள். மகனைத் தம்பி என்றே கூப்பிடும் தாய் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி ஏன் பிள்ளை நிலத்தில கிடக்கிறான்?"

அதைக் கேட்டதும் ரஜனி படத்தைக் கழற்றி வைக்கப் போனாள், தாய் விடவில்லை. அன்றிலிருந்து கிழவி காலைத் தேத்தண்ணியைக் குடித்ததே அந்தப் படத்துக்கு முன்னால்தான். "எழும்பு அப்பு, வெயில் வந்திட்டுது" என்பாராம். ரஜனி அந்தச் சுவர்ப்பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டாள்.

போன ஞாயிறு நான் அங்கே போயிருந்தேன். தாய் குளித்து, தலை உலராமல், படத்துக்கு முன்னால் நின்றார். கண்ணாடியில், புதருக்குள் கிடப்பவனின் நெற்றிக்கு நேராகத் திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்திருந்தார். செத்தவர்களுடைய படத்துக்கு வைப்பதுபோல.

"ரெண்டு வருசமாப் பாத்திட்டன், பிள்ளை" என்றார் ரஜனியிடம். குரல் அமைதியாக இருந்தது. "ஒருநாளும் எழும்பேல்லை. ஐயருக்குச் சொல்லு, அந்தியேட்டியைச் செய்வம்."

பதினைந்து வருடத்துக்கு மேலாக ரஜனி கேட்டு அழுத வார்த்தை அது. அவள் பாய்ந்துபோய்ச் சுவெற்றர் கையால் அந்தப் பொட்டை அழுத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சந்தனம் கண்ணாடி முழுக்கப் பரவியது.

"வேண்டாம் அம்மா" என்று கத்தினாள். "இன்னும் கொஞ்சநாள் பாப்பம். இன்னும் கொஞ்சநாள்."