பத்தொன்பது முட்டைகளும் மிதந்த நாள்

பணி ஓய்வு பெற்றபின் வந்த இரண்டாவது ஜூன் இது. பள்ளிகள் திறந்ததிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஆத்தூர்ப் பக்கம் என்னுடன் வேலை பார்த்த சுமதி, இப்போது நாமக்கல்லுக்குத் தெற்கே ஒரு சின்ன அரசுத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியை. "ஒரு நாள் வந்து பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் செஞ்சு காட்டுங்கக்கா" என்றாள். மறுநாளே கிளம்பிவிட்டேன். இப்படிப் பள்ளிகளுக்குப் போய்ச் செயல்பாடு நடத்த நினைப்பவர்களுக்காக, என் தவறையும் சேர்த்து எழுதுகிறேன்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை 6.20 வண்டி. நாமக்கல்லுக்கு 54 கிலோமீட்டர், கட்டணம் 45 ரூபாய், இறங்கும்போது 7.40. அங்கிருந்து 14 கிலோமீட்டர் நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 8.05க்கு வரவேண்டிய வண்டி 8.50க்குத்தான் வந்தது. அதற்குள் நேரக்காப்பாளரிடம் நான்கு முறை கேட்டுவிட்டேன்.

"உக்காருங்கம்மா. நீங்க இப்படி நடந்தா பஸ்ஸு சீக்கிரம் வந்துருமுங்களா?" என்றார்.

பையில் இரண்டு கிலோ கல்லுப்பு கனத்தது. என் திட்டம் எளிமையானது. சாதாரண நீரில் முட்டை மூழ்கும். உப்பு கரைத்த நீரில் மிதக்கும். பிள்ளைகளே போட்டுப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். மதியச் சத்துணவுக்கு வேகப்போகும் முட்டைகளையே வாங்கிக்கொள்ளலாம் என்று சுமதி சொல்லியிருந்தாள். சமையலர் பாப்பாத்தி அக்காவுக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை.

"பத்தொம்பது பிள்ளைங்க, பத்தொம்பது முட்டைங்க. மேல ஒண்ணுகூடக் கெடையாது. பதினொன்றரைக்கு எனக்கு அடுப்புல போடோணும்" என்றார்.

தாமதமாகிவிட்ட பதற்றத்தில் நான் முதல் படியைத் தாண்டிவிட்டேன். சாதாரண நீரில் மூழ்குவதைக் காட்டாமல், பத்து லிட்டர் வாளியில் உப்பை முன்பே கரைத்து வைத்துவிட்டு, "ஒவ்வொருத்தரா வந்து போடுங்க" என்றேன். பத்தொன்பதும் மிதந்தன. கைதட்டலை எதிர்பார்த்து நின்றேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான்காம் வகுப்பு நிவேதா மட்டும் வாளியை எட்டிப் பார்த்தாள். அவள் அம்மா கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்.

"அத்தனையும் கூமுட்டைங்க டீச்சர்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வழியெல்லாம் பண்ணைக் கொட்டகைகள் இருக்கிற ஊர். மிதக்கிற முட்டை கெட்டது என்பது இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். "எனக்கு முட்டை வேண்டாமுங்க" என்று ஆரம்பித்து, எல்லாரும் வேண்டாம் என்றார்கள். பாப்பாத்தி அக்கா கரண்டியோடு வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், கெட்ட முட்டையப் போட்டேன்னு இதுங்க ஊட்டுல போய்ச் சொன்னா நாளைக்கு யாருங்க பதில் சொல்றது?"

மணி பத்தே முக்கால். ஒரு முட்டையைக் கழுவி நல்ல நீரில் போட்டேன். மூழ்கியது. "பாத்தீங்களா?" என்றேன்.

"உப்பக் குடிச்சுக் கனத்துப்போச்சுங்க" என்றான் ஒரு பையன். யோசித்துச் சொன்ன பதில். பாராட்டவேண்டிய பதில்தான், ஆனால் பாராட்ட நேரமில்லை. என் அவசரத்தால் பத்தொன்பது பிள்ளைகள் அன்றைய முட்டையை இழக்கப்போகிறார்கள். சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். சுமதி, "உக்காருங்கக்கா, எனக்குத் தலை சுத்துது" என்றாள்.

வேறு வழி, ஒன்றை உடைத்துப் பார்ப்பதுதான். யாருடையதை? உடைத்தால் அந்தப் பிள்ளைக்கு இல்லை. கெட்டது என்று இவ்வளவு நேரம் ஒதுக்கியவர்கள், இப்போது ஆளாளுக்குத் தங்கள் முட்டையை வாளியிலிருந்து எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார்கள்.

நிவேதாதான் நீட்டினாள். "என்ற முட்டைய ஒடைங்க."

வெள்ளைத் தட்டில் உடைத்தேன். எல்லாத் தலைகளும் தட்டின் மேல் குனிந்தன. அவள் மோந்து பார்த்தாள்; தட்டைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கரு கலங்காம நிக்குது. நல்ல முட்டைங்க." சிறிது யோசித்து, "முட்டை மாறலீங்க. தண்ணிதான் வேற" என்றாள்.

நான் சொல்ல வந்திருந்த பாடம் அது. மீதிப் பதினெட்டும் பதினொன்று இருபதுக்கு அடுப்பேறின.

மதியம் நிவேதாவுக்கு முட்டை இல்லையே என்று நான் தவித்துக்கொண்டிருக்க, பாப்பாத்தி அக்கா அந்தத் தட்டை வாங்கிப்போய், "நீ வா சாமி" என்று வெங்காயம் போட்டு ஆம்லெட்டாகக் கொண்டுவந்து வைத்தார். பதினெட்டுப் பேரும் தங்கள் அவித்த முட்டையைப் பார்த்தார்கள். பிறகு அவள் தட்டைப் பார்த்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். திரும்ப 3.40க்கு ஒரு பேருந்து. அதை விட்டால் 5.15தான். முட்டையை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். பிள்ளைகளின் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். எவ்வளவு தாமதமானாலும் முதல் படியைத் தாண்டாதீர்கள். அதற்கும் முன்னால், இதைப்பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள். முப்பத்து நான்கு வருடம் அதைப் பிறருக்குச் சொன்ன நான் அன்று கேட்கவில்லை.

மறுநாள் மதியம் சுமதி கூப்பிட்டாள். முட்டை அடுப்பேறும் முன்பே பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்களாம்: "எங்களுது கெட்டுப்போனாப்புல தெரியுதுங்க, ஒடச்சுப் பாத்துருங்க." பாப்பாத்தி அக்கா என் வீட்டு முகவரி கேட்கிறாராம்.