ஒரு கல்லுக்கு ஒரு கோப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், எவனும் சீண்டாத பள்ளத்தை வாங்கி மண்ணடித்து மேடாக்கினேன். அதன் மேல் ஷெட் போட்டேன். கல் அறுக்கும் மெஷினை நிறுத்தினேன். கறுப்புக் கல்லில் மனித முகத்தை எழுதும் லேசர் மெஷினை இந்தப் பக்கத்தில் முதலில் இறக்கியவனும் நான்தான். பேங்க் மேனேஜர் சிரித்தார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கடம்பத்தூரில் அடுத்தவன் வயலில் சேறு மிதித்தவன், பிறகு இரும்பு உருக்கும் கம்பெனியில் கரி அள்ளியவன். இன்று ஆரம்பாக்கம் வரை எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும், செத்தவர்கள் என் கல்லிலிருந்துதான் பார்க்கிறார்கள்.

போனில் எடுத்த படத்தை அப்படியே கொடுத்தால் அந்த மெஷின் ஏற்காது. பிஎம்பி என்ற வகைக் கோப்பாக மாற்ற வேண்டும். அதுவும் நிறம், நிழல் எல்லாம் போய் வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக. புள்ளிக்குப் புள்ளி மெஷின் கல்லைக் கொத்தும். ஜேபெக், ஹெய்க் என்று போனுக்குப் போன் ஒரு வகையில் வரும் படங்களை மாற்றுவது என் மருமகளின் வேலை. காலேஜ் படித்தவள். அந்தப் படிப்பு என் ஷெட்டுக்குள்தான் உபயோகப்பட்டது.

ஒருமுறை, கம்ப்யூட்டரில் கிடந்த பல கோப்புகளில் தவறானதை எடுத்துவிட்டாள். ஒரு பாட்டியின் பெயருக்கு மேல் யாரோ மீசைக்காரர் வந்து உட்கார்ந்துகொண்டார். கல் பாழ். அன்றே சட்டம் போட்டேன்: ஒரு கல்லுக்கு ஒரு கோப்பு. பிஎம்பி ஆனதும் மூலப் படத்தை அழித்துவிட வேண்டும்.

"மாமா, புள்ளியா மாத்திட்டா திரும்பப் போட்டோ ஆவாது. மூலத்த ஓரமா வெச்சிக்கினு இருக்கலாம்" என்றாள்.

"இட்லி வெந்தப்புறம் அரிசிய இன்னாத்துக்குமா தேடுற?" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள்.

ஆனாலும் திருட்டுத்தனமாக எல்லா மூலப் படத்தையும் ஒரு பென் டிரைவில் சேர்த்து வைத்திருந்தாள். கண்டுபிடித்தேன். கல் தேய்க்கும் ஆட்களைக் கூப்பிட்டுச் சுற்றி நிற்க வைத்து, அவள் கையாலேயே ஒவ்வொன்றாக அழிக்க வைத்தேன். ஒவ்வொரு முகமாக வந்து போயிற்று. அவளுக்குக் கண்ணீர் வந்தது.

"அழுவுறதுன்னா அழுதுக்கினே அமுக்கு" என்றேன். அமுக்கினாள்.

அதில் ஒரு முகம் ஆரம்பாக்கத்துக்காரனுடையது. கம்பெனியில் கிரேன் வேலையில் செத்தவன். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படம். விரிசல் விட்ட அவன் போனிலிருந்து எடுத்தது. கல்லுக்குத் தேவை அவன் மட்டும் என்பதால் குழந்தையை வெட்டிவிட்டோம். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாளே கல்லை நட்டுக் கொடுத்தேன். என் பெயரை வழக்கம்போல அடியில் பொறித்திருந்தேன்.

சில மாதம் கழித்து அவன் மனைவி வந்தாள்.

"நைனா, அவரு போனு இப்ப சுத்தமா ஆன் ஆவல. உள்ள இருந்ததெல்லாம் போச்சுன்னு கடைக்காரன் சொல்லிட்டான். கல்யாண ஆல்பம் வெள்ளத்துலயே போச்சு. உங்க கம்ப்யூட்டர்ல அந்தப் படம் இருக்கும்ல? பாப்பா கல்லத் தடவிப் பாத்து, அப்பா மூஞ்சில இன்னாத்துக்கு ஓட்ட ஓட்டயா இருக்குன்னு கேக்குது."

இருந்த ஒரே கோப்பைத் திறந்து, அவளுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று பெரிதாக்கிக் காட்டினேன். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கலைந்து, எள்ளைக் கொட்டினாற்போலப் புள்ளிகள்தான் நின்றன.

"இதாம்மா உன் ஊட்டுக்காரன். வேணும்னா பிரிண்ட் போட்டுக்கோ."

"சின்னதாக்கு நைனா" என்றாள். "அவரச் சின்னதாக்கு."

சின்னதாக்கினேன். தலை வந்தது, சிரிப்பு வந்தது. தோளில் குழந்தை இல்லை. அவள் திரையில் அந்த வெற்றிடத்தை விரலால் தொட்டாள். திரையில் விரல் வைக்காதே என்றேன்.

அப்போதுதான் மருமகள் வாயைத் திறந்தாள். "நான் தனியா எடுத்து வெச்சிருந்தேங்க்கா. மாமாதான் அழிக்க வெச்சாரு."

மருமகளுக்கு வாசலைக் காட்டினேன். அன்று சாயங்காலமே என் மகனையும் இழுத்துக்கொண்டு திருவள்ளூரில் தனிக்குடித்தனம் போய்விட்டாள். போகட்டும். மாற்றித் தர வேறு ஆள் கிடைக்காமலா போய்விடும்?

பிறகு ஆரம்பாக்கத்தில் வேறு கல் நடப் போனபோது பார்த்தேன். கிரேன்காரன் கல்லின் அடியில் என் பெயர் இருந்த இடம் கொத்திச் சிதைந்திருந்தது. நேராக அவன் மனைவி வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"நான்தான் கொத்துனேன்" என்றாள், கதவைப் பிடித்துக்கொண்டு. "அவரு காலாண்ட உன் பேரு எதுக்கு நைனா?"

எதற்கென்று சொல்கிறேன். புருஷன் முகத்தைப் பார்க்க அவள் இனி எங்கே போவாள்? போனில் இல்லை, ஆல்பத்தில் இல்லை, ஆதார் அட்டையில் இருப்பதை அவளுக்கே அடையாளம் தெரியாது. அந்த முகத்தை அவள் தொட்டுப் பார்க்க ஒரே இடம்தான் மிச்சம். அது என் கல். வெயிலிலும் மழையிலும் அவனை நிறுத்தி வைத்திருப்பது என் மெஷின் போட்ட புள்ளி.

சர்ச்சில் ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். வருகிற கல்லறைத் திருநாளுக்குள் கொத்திய இடத்தைத் தேய்த்துச் சமமாக்கி, என் பெயரை அங்கேயே மறுபடி பொறிக்க வேண்டும். எழுத்து முன்பு இருந்ததைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பூ வைக்க வரும்போது அவள் கண்ணில் பட வேண்டும்.