வெலிச்காவின் வலது முழங்கால்

படிக்கட்டில் வெலிச்கா பின்பக்கமாகத்தான் இறங்குவாள். ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், இன்னொரு கையில் பூட்ஸ் தொங்கும். முகம் வீட்டைப் பார்த்திருக்கும், முதுகு தெருவைப் பார்த்திருக்கும். எதிரே ரொட்டிக்கடையைத் திறக்கும் ஸ்தாவ்ரி தினமும் கேட்பார்: "என்ன வெலிச்கா, இன்னைக்கும் ரிவர்ஸ்தானா?"

"நாள் பூரா ஜனங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டே பின்னாலயே சறுக்கறேன். முன்னால நடக்கறது எப்படின்னே மறந்துபோச்சு!"

ஸ்தாவ்ரி சிரித்துவிட்டுச் சூடான பனித்ஸா என்ற அடுக்கு ரொட்டியில் ஒரு துண்டைத் தாளில் சுற்றி நீட்டுவார். உள்ளே பாலாடைக்கட்டி இளகி ஒழுகும். அதைக் கடித்தபடியே அவள் மலையடிவாரத்துக்கு நடப்பாள்.

ஊரே நம்பிய பதில் அது. நம்பும்படியாகவும்தான் இருந்தது. பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாள் அவள் எதிரெதிராக நின்றுகொண்டு, அவர்களுடைய சறுக்குப் பலகைகளின் நுனிகளைக் கையால் பிடித்தபடி, பின்பக்கமாகவே சரிவு முழுக்க இறங்குவாள். திரும்பிப் பார்க்கவே மாட்டாள். எங்கே குழி, எங்கே கல்லாக இறுகிய பனி என்பதெல்லாம் முதுகுக்கே தெரியும். அப்படிப்பட்டவள் படிக்கட்டிலும் அப்படி இறங்கினால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆனால் அது பச்சைப் பொய். வலது முழங்கால் போய்விட்டது. முன்பக்கமாக ஒரு படி இறங்கினால் உள்ளே யாரோ ஆணி அடிப்பது போலிருக்கும். பின்பக்கமாக இறங்கினால் தாங்கும். நகரத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதோட நிறுத்திக்கங்கம்மா" என்றார். அவளும் "மார்ச் முடியட்டும்" என்றாள். எந்த வருஷத்து மார்ச் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

இந்த விஷயம் தெரிந்த இன்னொரு ஜீவன் அவள் புருஷன் ராங்கெல். இரவெல்லாம் பெரிய இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு சரிவுகளைச் சமப்படுத்துவது அவன் வேலை. அவன் வீடு திரும்பும்போது இவள் புறப்படுவாள். குளிர்காலம் முழுக்க இருவரும் ஒன்றாக உட்காருவது அந்த விடியற்காலை மேசையில் மட்டும்தான். ஒரே பானையிலிருந்து பீன்ஸ் சூப். அவனுக்கு அது இரவுச் சாப்பாடு, இவளுக்குக் காலைச் சாப்பாடு.

"கீழ் வளைவுல பனி கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. ஓரமாப் போ."

"ம்."

"அஸென்கிட்ட சொல்லித் தொலைச்சா என்ன? அவன் என்ன உன்னக் கடிச்சா தின்னுருவான்?"

"கடிக்க மாட்டான். கூண்டுல உக்கார வச்சிருவான்."

கூண்டு என்பது வாடகைக்கு பூட்ஸும் பலகையும் கொடுக்கிற அறை. ஜன்னல் கிடையாது. ஊரார் காலுறை நாற்றம் அத்தனையும் அங்கேதான் குடியிருக்கிறது. அஸென் எங்கள் பனிச்சறுக்குப் பள்ளியின் தலைவன், வெலிச்காவோடு ஒரே வகுப்பில் படித்தவன், ஒரே அணியில் பந்தயம் ஓடியவன். முட்டி போனவர்களையும் முதுகு போனவர்களையும் அவன் அந்தக் கூண்டுக்குத்தான் அனுப்புவான். போனவர்கள் மறுபடி சரிவுக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை.

சரிவை விட்டால் அவளுக்கு வேறு எதுவும் பிடிக்காது என்பதை ஊரே அறியும். எங்கள் ஊரில் கல்யாணமென்றாலும் ஞானஸ்நானமென்றாலும் பனி உருகிய பிறகுதான். டிசம்பரில் பத்திரிகை நீட்டினால், "யாரு கேட்டாங்க இப்ப கல்யாணம்?" என்று மாப்பிள்ளையையே திட்டுவாள். கோடையில் ஓட்டல் அறைகளுக்கு வர்ணம் அடிக்கப் போவாள். கண்ணைச் சுற்றிக் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெள்ளையாக, மற்ற முகமெல்லாம் கருத்து, ஜூலை வரைக்கும் ஆந்தை முகம்தான். வர்ணம் அடிக்கும்போது அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். சிடுசிடுவென்று இருப்பாள். அக்டோபரில் முதல் உறைபனி புல்லில் படிந்ததும் அதே வாய் பாட்டு முணுமுணுக்கும்.

அவளுடைய பாடம் விழுவதில் தொடங்கும். "மொதல்ல எல்லாரும் விழுங்க. அழகா விழுங்க. எப்படியும் விழத்தான் போறீங்க, என் முன்னாடியே விழுந்துட்டா வெட்கம் போயிரும்." வங்கி மேலாளரானாலும் விழ வேண்டும். மறுநாளிலிருந்து அவள் முன்னால் போவாள், மற்றவர்கள் வாத்துக்குஞ்சு மாதிரி பின்னால் வரிசையாக வருவார்கள். பயந்து கீழே பார்க்கிறவர்களைப் பார்த்துக் கத்துவாள்: "பள்ளத்தப் பாக்காதீங்க! பள்ளம் எங்கயும் ஓடிப்போயிடாது. என்னப் பாருங்க! நான் எப்படிப் போறேனோ அப்படியே வாங்க!" அந்தக் கரகரத்த குரலை நம்பி எத்தனையோ பேர் அந்த மலையில் இறங்கியிருக்கிறார்கள்.

இந்த வருஷம் பனி தாமதம். புத்தாண்டு கழிந்த பிறகுதான் கீழ்ச்சரிவைத் திறந்தார்கள். முதல் குழுவாக வந்தவர்கள் சமவெளியில் ஒரு தயிர் ஆலையில் வேலை செய்யும் பெண்கள். எட்டுப் பேர். அவர்களுக்குத் தலைவி டோன்கா என்பவள். வாய் ஓயாது. சறுக்கிக்கொண்டே பேசுவாள், விழுந்துகொண்டே பேசுவாள். ஆனால் கெட்டிக்காரி. வெலிச்கா கையை எப்படி வைக்கிறாளோ அப்படி வைப்பாள், தலையை எங்கே திருப்புகிறாளோ அங்கே திருப்புவாள். "இவ என் நிழலு" என்று வெலிச்கா பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

வாரக் கடைசியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடித்தவர்கள் சரிவின் மேலிருந்து ஒவ்வொருவராகத் தேநீர் விடுதி முற்றத்துக்கு இறங்கி வரவேண்டும். முற்றத்தில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள். விழுந்தவருக்கு இன்னும் பலமாகத் தட்டுவார்கள். அன்றைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தவர் முன்னால் போகக் கூடாது, கீழே நிற்க வேண்டும். ஆக, முதல் நாளுக்குப் பிறகு முதுகுக்குப் பின்னாலேயே வந்தவர்களை வெலிச்கா அன்றுதான் எதிரே நின்று பார்த்தாள்.

முதலில் வந்தவள் வலப்பக்கம் அழகாகத் திரும்பினாள். இடப்பக்கம் திரும்பும்போது என்ன ஆயிற்றோ, வலது கால் விறகுக்கட்டை மாதிரி விறைத்தது. உடம்பு உள்பக்கம் சாய்ந்தது, பலகைகளின் பின்பாதி பனியைச் சுரண்டிக்கொண்டு வெளியே வழுக்கியது. களைப்பாக இருக்கும் என்று வெலிச்கா நினைத்தாள். இரண்டாமவளும் அப்படியே. மூன்றாமவளும் அதே இடத்தில், அதே விறைப்பு, அதே சாய்வு. முற்றத்தில் யாரோ, "இது என்னப்பா புது டான்ஸா?" என்று கேட்க, சிரிப்பு எழுந்தது.

அந்த ஆட்டம் வெலிச்காவுக்குத் தெரியும். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலது காலில் இறங்க வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும். மடக்கினால் ஆணி. ஆகவே அவள் மடக்குவதில்லை. நிமிர்ந்தபடியே உடம்பைச் சாய்த்துச் சமாளித்துவிடுவாள். முப்பது வருஷத்துப் பழக்கம் இருப்பதால் அவள் விழமாட்டாள். இந்தப் பெண்களுக்கு என்ன பழக்கம் இருக்கிறது?

கடைசியாக டோன்கா வந்தாள். எல்லோரையும்விட நன்றாகக் கற்றுக்கொண்டவள் அவள்தானே. எல்லோரையும்விட நன்றாகவே விறைத்தாள், நன்றாகவே சாய்ந்தாள். கீழ் வளைவின் இறுகிய பனியில் பலகை பிடி நழுவிற்று. வேலி வரைக்கும் தரையோடு வழுக்கிக்கொண்டு போய் மோதினாள். எழுந்து கையை உயர்த்திச் சிரித்தாள். உதட்டில் ரத்தம். முற்றமே எழுந்து நின்று கைதட்டியது. வெலிச்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பூட்ஸ் காயவைக்கும் கொட்டகையில் அஸென் அவளைப் பிடித்தான்.

"எப்பலேருந்து?"

"என்னது எப்பலேருந்து?"

"முட்டி."

"எந்த முட்டி? போடா, போய் வேலையப் பாரு."

"எட்டுப் பேருக்குமா வெலிச்கா வலது முட்டி போச்சு? தயிர் கம்பெனில என்ன, தொத்து வியாதியா?"

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு அஸென் தாழ்ந்த குரலில் சொன்னான்: "இங்க பாரு, நான் எதையும் பாக்கல. மார்ச் வரைக்கும் நீ பாட்டுக்கு ஓட்டு. உன் பேரச் சொல்லித்தான் பாதிப் பேர் இங்க வர்றாங்க. முற்றத்துல இருக்கறவங்களுக்கு என்ன தெரியும்?"

அவள் எதிர்பார்க்காத பதில் இது. மார்ச் வரைக்கும் சரிவு அவளுக்கே. கேட்காமலே கையில் வந்து விழுந்திருக்கிறது. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. பொய் சொல்வானேன், வந்தது.

"நீ பாக்கலேன்னா ஆச்சா? அவங்க பாக்கறாங்களே" என்றாள். "ஒரு வாரமா என்னத்தானே பார்த்தாங்க. நானும் பாருங்க பாருங்கன்னு கத்திக்கிட்டே இருந்தேன்."

"அதுக்கு?"

"திங்கட்கிழமை நான் கூண்டுக்குப் போயிடறேன். ஆனா நாளைக்கு மத்தியானம் இவங்க பஸ் ஏறிடுவாங்க. என் நொண்டிய எடுத்துக்கிட்டு ஊருக்குப் போகக் கூடாது அஸென். அடுத்த வருஷம் வேற எங்கயாவது போயி, இதே மாதிரி சாஞ்சு, காலை ஒடச்சுக்குவாங்க. காலைல எனக்குக் கீழ்ச்சரிவு வேணும். டெயானும் வேணும்."

"டெயானா?" அஸென் வாயைப் பிளந்தான். டெயான் பயிற்சியாளர்களிலேயே இளையவன். சறுக்கும்போது தன்னைத்தானே படம் பிடித்துக்கொள்கிறவன். அவனைக் கண்டாலே வெலிச்காவுக்கு ஆகாது. "கண்ணாடி மாப்பிள்ளை" என்று அவன் காதுபடவே சொல்லுவாள்.

"அவனேதான். அவன் என்கிட்ட கத்துக்கிட்டப்ப என் முட்டி நல்லாருந்துச்சு. என் எடதுபக்கத் திருப்பம் இப்ப அவன்கிட்டதான் இருக்கு."

அஸென் தலையைக் குனிந்துகொண்டான். "சரி" என்றான்.

மறுநாள் விடியலில் ராங்கெலிடம் சொன்னாள். அவன் கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். தன் தட்டில் இருந்த ரொட்டியின் மொறுமொறுப்பான ஓரத்தைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தான்.

சரிவில் பெண்கள் காத்திருந்தார்கள். டோன்காவின் உதடு வீங்கியிருந்தது. வெலிச்கா சுற்றிவளைக்காமல் சொன்னாள்: "உங்களுக்கு ஒண்ணத் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன். என் வலது முட்டி சரியில்ல. எடதுபக்கம் திரும்பறப்ப நான் மடக்கறதில்ல. நீங்களும் அதையே பிடிச்சுக்கிட்டீங்க."

"அய்யோ அக்கா, அது ஏதோ ஸ்டைல்னு நெனச்சோமே! ராத்திரி ரூம்ல கண்ணாடி முன்னாடி வேற பழகினேன்!" என்றாள் டோன்கா.

"அதான் வம்பே. இன்னைக்கு டெயானப் பாருங்க. என்னப் பாக்காதீங்க."

டெயான் கைபேசியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டான். கேலி எதுவும் செய்யவில்லை. "நீங்க வளைவுல நில்லுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான். இடப்பக்கம் திரும்பும்போது வலது முழங்கால் மடங்கி, பலகையின் விளிம்பு பனிக்குள் இறங்கி, அவன் ஒரே வளைவாகப் போனான். வெலிச்கா வளைவின் ஓரத்தில் நின்று பார்த்தாள். தன்னுடையதுதான். தோளை வைக்கிற விதம் வரைக்கும் தன்னுடையது.

பின்னால் பெண்கள் வந்தார்கள். மேலே நன்றாகத்தான் திரும்பினார்கள். ஆனால் கீழ் வளைவு நெருங்கியதும் பயத்தில் ஒவ்வொருவர் கண்ணும் பழக்கப்பட்ட முகத்தைத் தேடிற்று. வெலிச்காவைக் கண்டதும் கால் விறைத்தது. சர்ரென்று சுரண்டல். அடுத்தவளும் அவளைத்தான் பார்த்தாள். அதே சுரண்டல்.

"இன்னொரு தடவை!" என்று மேலே கையைக் காட்டிக் கத்தினாள். அவர்கள் இழுவைக் கயிற்றைப் பிடித்து மறுபடி ஏறும்போது, அவள் பலகைகளைக் கழற்றினாள். வளைவின் ஓரத்தில் ராங்கெலின் இயந்திரம் ஒதுக்கிவிட்டுப் போன பனிமேடு ஆளுயரத்துக்கு இருந்தது. அதன் பின்னால் போய், யார் கண்ணுக்கும் படாமல், காலை நீட்டி உட்கார்ந்தாள்.

இனி காதுதான். டெயான் போனது பட்டுத்துணி கிழிபடுகிற மாதிரி கேட்டது. அடுத்து வந்தவள் வளைவில் தடுமாறுவது சுரண்டலிலேயே தெரிந்தது. மடங்க வேண்டியது தன் கால்தான் என்பதுபோல் வெலிச்காவின் கை தன்னையறியாமல் வலது முழங்காலை அழுத்தியது. சுரண்டல் பாதியில் நின்று சுத்தமான சத்தமாயிற்று. அடுத்தவளுக்கும் அழுத்தினாள். அதற்கடுத்தவளுக்கும். ஒருத்தி விழுந்தாள், எழுந்தாள், போனாள். அழுத்த அழுத்த உள்ளே ஆணி இறங்கியது. கண்ணில் நீர் முட்டியது.

கடைசியாக மேலேயிருந்து ஒரு பேச்சுக்குரல் இறங்கி வந்தது. டோன்கா. வளைவு நெருங்கியதும் பேச்சு நின்றது. வெலிச்கா இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால் மேல் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் அதன் மேல் இறக்கினாள். பனி ஒரே இழையாகக் கிழிபடும் சத்தம் அவளைத் தாண்டிக் கீழே போய்த் தேய்ந்தது. அதற்குப் பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.