கோமதி கண்ட கோரை

போன மாதம் குற்றாலத்தில் ஒரு காரியத்தை மறந்துவிட்டேன். மறதி எனக்குப் புதிதா என்ன? என் வீட்டில் கேட்டால் பட்டியலே வாசிப்பார்கள். ஆனால் இது அந்த ரகம் இல்லை...

நண்பர் சங்கரலிங்கம் காலேஜில் தாவர சாஸ்திரம் நடத்துகிறவர். சீசனுக்கு அவரும் அவர் மனைவியும் நானும் ஒரே வீட்டில் தங்கினோம். நான் போனது அருவிக்காக. அவர் வந்தது புல்லுக்காக!

ஒரு நாள் மலைமேல், மரங்கள் விலகிய ஒரு வெளியில், அவர் மனைவி கோமதி அம்மாள் சட்டென்று உட்கார்ந்து ஒரு கோரையைத் தடவிப் பார்த்தார்.

"இங்கன பாருங்க, இது வயக்காட்டுக் கோரை இல்ல. பூ வேற மாதிரில்லா இருக்கு!"

சங்கரலிங்கம் துள்ளிக் குதித்தார். அவரும் அதைப் பார்த்ததே இல்லையாம். வேரோடு எடுத்து, பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே வைத்து, காய்வதற்காகப் பலகையால் அழுத்தி, லேபிளும் எழுதினார்: 'கண்டெடுத்தவர் — கோமதி.' அந்த அம்மாள் அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தார் என்கிறீர்கள்! கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு தன் பெயரை எழுத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாளுக்குக் கடும் காய்ச்சல். கணவரோடு தென்காசி ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறும்போது என்னிடம் சொன்னார்:

"அண்ணாச்சி, தாளு ஈரத்தை இழுத்துரும். தினம் வேற தாள் மாத்தணும். மறந்துராதிய."

தாள் மாற்றுவது பெரிய வேலையா? நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று... அருவி, சாப்பாடு, சீட்டாட்டம். நாலு நாள் போனதே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மாள் கண்ணைத் திறந்ததும் முதல் கேள்வி — "தாள் மாத்துனியளா?"

"தினமும்" என்றேன். நோயாளியிடம் வேறென்ன சொல்வது? இப்படித்தானே நாம் எல்லோரும் பொய்க்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்?

அவர் கணவரைப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் காலையில் அந்த அம்மாள் கண்ணை மூடிவிட்டார்.

முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவுடனே நான் பலகையைத் தூக்கிப் பார்த்திருந்தேன். உள்ளே ஒரே கறுப்புப் பூசணம். அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து சங்கரலிங்கம் வந்தார். தாளைப் பிரித்தார். கோரை கையோடு பிசுபிசுத்து வந்தது.

"வேற கோரை பிடுங்கலாம் அண்ணாச்சி. அதுல அவ பேரை எப்படி எழுத?" என்று சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

இன்றாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க தினம் மாத்தியும் இப்படி ஆயிட்டே! பாழாப்போன இந்தச் சாரலை என்ன சொல்ல?"

நானும் அவரோடு சேர்ந்து சாரலைத் திட்டினேன்.