சாமல்பட்டிக்கு ஒரு நாள் முன்னதாக வந்தவர்கள்

உலர்ந்த திராட்சையைக் கொதிநீரில் ஊறப்போட்டு மெல்லிய துணியில் பிழிந்தால் இனிப்பும் லேசான புளிப்புமாக ஒரு வாசனை வரும். அதோடு ரயில் எஞ்சினின் நிலக்கரிப் புகையும் கலந்துவிட்டால் எனக்கு இன்றைக்கும் அது வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான். ஐம்பதுகளில் என் அப்பா சாமல்பட்டி நிலையத்தில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். நாங்கள் எர்ணாகுளத்து யூதர்கள். கிருஷ்ணகிரி வரை போய்த் தேடினாலும் எங்களைப்போல் இன்னொரு வீடு கிடையாது. சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாள், "சபாத்" என்போம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன் அம்மா விளக்கேற்றி, திராட்சைச் சாற்றை எடுத்து வைத்துவிட்டால் மறுநாள் இருட்டும்வரை வீட்டில் அடுப்பு எரியாது. கோயிலுக்கும் போகாமல் சர்ச்சுக்கும் போகாமல் இருந்த எங்களை ஊர்க்காரர்கள் "கொச்சிக்காரங்க" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் ஆராய நேரமில்லாமல் அவர்களுக்குக் காட்டில் வேலை கிடந்தது.

எனக்கு எட்டு வயதானபோது தம்பி பிறந்தான். பிரசவத்துக்கு எர்ணாகுளம் போவதாக இருந்த அம்மாவுக்கு நாள் முந்திக்கொண்டது. பக்கத்து வீட்டு மாதம்மாதான் பிள்ளையைக் கையில் ஏந்தினாள். எங்கள் வழக்கப்படி ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம், அதாவது சுன்னத், செய்து பெயர் வைக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவரை "மோகேல்" என்போம். அப்பா எர்ணாகுளத்துப் பள்ளிக்குத் தந்தி கொடுத்தார். "பள்ளி" என்றால் எங்கள் ஜெபாலயம். தாய் தகப்பனை இழந்த அப்பாவை வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தது அந்தப் பள்ளிக்காரர்கள்தான். ஆனாலும் இவ்வளவு தூரம் யார் வருவார்கள், மோகேல் ஒருவர் வந்தாலே பெரிது என்றுதான் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் கவலை வேறு. மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, எட்டாம் நாளைப் பார்க்காமலே போய்விட்டது. பெயர் இல்லை, ஜெபம் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டும், அதுவும் இல்லை. அப்பாவும் போர்ட்டர் முனியப்பனும் மட்டும் எடுத்துப்போய், சரக்கு வண்டி நிற்கும் லைனுக்கு அப்பால் புங்கமரத்தடியில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அம்மா அந்தப் பிள்ளையைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை. கூப்பிடுவதற்குப் பெயர் இல்லாத பிள்ளையைப் பற்றி அவள் எப்படிப் பேசுவாள்?

வெள்ளிக்கிழமை காலை சேலத்துப் பாசஞ்சர் வந்து நின்றது. வெள்ளைத் தாடியோடு மோகேல் மோசே மாமா இறங்கினார். அவர் பின்னாலேயே ஒருவர், இன்னொருவர் என்று மூட்டையும் பையுமாக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மொத்தம் ஒன்பது பேர். அப்பாவோடு சேர்ந்தால் பத்து. கணக்குப் பார்த்துத்தான் பள்ளிக்காரர்கள் அனுப்பியிருந்தார்கள். பச்சைக்கொடி காட்ட மறந்து அப்பா நிற்க, கார்டு விசில் ஊதிச் சலித்துப்போனார். காலையிலேயே சடங்கை முடித்து, அடுத்த வண்டியில் கோயம்புத்தூர் போய், அங்கே தெரிந்த வியாபாரி ஒருவர் வீட்டில் சபாத்துக்குத் தங்குவது அவர்கள் ஏற்பாடு.

கத்தியை எடுக்குமுன் மோகேல் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. திரைக்குப் பின்னால் படுத்திருந்த அம்மாவிடம் மோசே மாமா கேட்டார்: "குழந்தை பிறந்தது விளக்கு வெச்சதுக்கு முன்னயா, பின்னயா?"

"விளக்கு வெச்சு, ராத்திரி பாசஞ்சரும் போனப்புறந்தான்" என்றாள் அம்மா.

மோசே மாமா கத்திப் பையைத் திறக்காமலே ஓரமாக வைத்தார். ரயில்வேக்கு நடுராத்திரியில் நாள் மாறும். ஊருக்கு விடிந்தால் நாள். எங்களுக்கோ பொழுது சாய்ந்தாலே மறுநாள் பிறந்துவிடும். போன வெள்ளிக்கிழமை இரவில் பிறந்தவன் சனிக்கிழமைப் பிள்ளை. எட்டாம் நாள் நாளைக்குத்தான். ஒரு நாள் முந்திச் செய்தால் செல்லாது. ரயில்வேயிலேயே ஊறிப்போன அப்பா தந்தியில் "வெள்ளிக்கிழமை" என்று எழுதிவிட்டார். அம்மாவோ, வந்தவர்கள் சபாத்தை நம்மோடு கழிக்கத்தான் முன்னதாக வந்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்துபோயிருந்தாள். ஒரே அறைக்குள் குடித்தனம் நடத்திய இருவரும் இதை ஒரு தடவைகூடப் பேசிக்கொள்ளவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

"எடா ஐசக்கே, நம்ம நாளையும் ரயில்வேக்காரனுக்கே குடுத்திட்டியா?" என்றார் மோசே மாமா. அப்பா கூனிக் குறுகி நின்றார். சபாத்தில் பிரயாணம் கூடாது. இருந்தால் எல்லாரும் சனிக்கிழமை இருட்டும்வரை இருக்க வேண்டும். மாமா மட்டும் தங்கினால் போதாதா, கடை போட்டதுபோட்டபடி கிடக்கிறதே என்று ஒருவர் முணுமுணுத்தார். "பத்துப் பேர்னு பள்ளியில சொல்லி அனுப்பினாங்க. பத்துப் பேரும் இருப்போம்" என்று மோசே மாமா செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தார். அத்தோடு பேச்சு முடிந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஒரு நாள் கையில இருக்குதே, மாமா... என் பெரியவனையும் போய்ப் பாத்துட்டு வாங்க."

யார் பெரியவன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. அப்பா சொன்னார், தரையைப் பார்த்தபடி. பெயர் என்ன என்று மாமா கேட்டதற்கு, "வெக்கலை" என்றாள் அம்மா.

சபாத்தில் கல்லறைக்குப் போகக்கூடாது என்பதால் அன்றே, வெயில் இறங்குமுன் கிளம்பினார்கள். முனியப்பன் முன்னால் நடந்தார். ஆடுமாடு மிதிக்காதபடி அந்த இடத்தைச் சுற்றி ஜல்லிக்கற்களை அடுக்கி வைத்திருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் யாரிடமும் சொன்னதில்லை. பத்துப் பேரும் புங்கமரத்தடியில் நின்று ஜெபம் சொன்னார்கள். அந்த எபிரேயச் சொற்கள் எனக்குப் புரியவில்லை. கடைசியில் மோசே மாமா "ரஹமீம்" என்று பெயர் வைத்தார். இரக்கம் என்று பொருள். அப்பாவை அதைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். அப்பா சொன்னார், அவர் அழுததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் பெயரைச் சொன்னது நான். "இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன். பிறகு அவளே ஒரு தடவை, வாசலில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல, மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

பிறகு சோற்றுப் பிரச்சினை வந்தது. அடுப்பு மூட்டாமல் சனிக்கிழமை இத்தனை பேருக்கு எதைப் போடுவது என்று அம்மா கலங்கியபோது மாதம்மாவுக்குச் சிரிப்பு தாளவில்லை. "கூழுக்கு என்னாத்துக்கும்மா அடுப்பு? இன்னிக்கே களி கிண்டி வெச்சுட்டா, நாளைக்கு மோருல கரைச்சுக் குடிக்க வேண்டிதுதான்" என்றாள். எங்கள் உணவு விலக்குகளுக்குப் பயந்து குயவர் வீட்டிலிருந்து புதுச் சட்டியும் புதுப் பானையும் வாங்கிவந்து, பொழுது சாய்வதற்குள் கேழ்வரகுக் களி கிண்டி இறக்கினாள். மறுநாள் எர்ணாகுளத்துப் பெரியவர்கள் பச்சை வெங்காயத்தையும் மாவடுவையும் கடித்துக்கொண்டு கூழ் குடித்தார்கள். கடையைப் பற்றி முணுமுணுத்தவர்தான் மூன்றாவது தடவையும் கேட்டு வாங்கினார்.

மாதம்மாவுக்கு ஒன்றுதான் பிடிக்கவில்லை. "சனிக்கெழமையில போயி பச்சப்புள்ள மேல கத்தி வெக்கிறீங்களே, வேற நாளே கெடைக்கலியா?" என்றாள். "எங்களுக்கு இதவிட நல்ல நாள் கெடையாது, மாதம்மா" என்றாள் அம்மா. இந்தச் சடங்கில் எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு நாற்காலி போடுவது வழக்கம். ஸ்டேஷன் மாஸ்டர் அன்றைக்கு அப்பாவின் டியூட்டியையும் தாமே பார்த்துக்கொண்டதோடு, முதல் நாளே தம் கை வைத்த நாற்காலியையும் கொடுத்தனுப்பிவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தம்பி வீறிட்டு அழுது, திராட்சைச் சாற்றை ஒரு சொட்டு நக்கி, ஹாயிம் என்று பெயர் பெற்றான். உயிர் என்று பொருள்.

அடுத்த வருஷங்களில் அந்த ஒன்பது பேரும் ஒவ்வொருவராக இஸ்ரேலுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் இருந்து ஜெபித்த பள்ளி பூட்டிக் கிடக்கிறது. ஹாயிமும் வளர்ந்து அங்கேயே போய்விட்டான். நான் கிருஷ்ணகிரியில் வாழ்க்கைப்பட்டு இங்கேயே இருந்துவிட்டேன். சாமல்பட்டியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் இல்லை, நிலக்கரிப் புகை இல்லை, புங்கமரம் நின்ற இடம் இதுதான் என்று காட்ட முனியப்பனும் இல்லை. அந்த வழியாக ரயிலில் போகும்போது உத்தேசமாக ஒரு பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன். அப்பா செய்த தவறுகளிலேயே அந்தத் தந்தியில் நாளைத் தப்பாக எழுதியதற்குத்தான் நான் அதிகம் நன்றி சொல்கிறேன்.

ஹாயிம் பிறக்கும்வரை, எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் அம்மா என்னைக் காட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, சாகும்வரை, "மூணு" என்றாள். "சாரா, ரஹமீம், ஹாயிம்" என்று பெயரும் சொல்வாள். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று என்னைக் கேட்பவர்களிடம் நானும் இரண்டு தம்பிகள் என்றுதான் சொல்கிறேன்.