எட்டுத் தொட்டிலுக்கு ஒரே கயிறு

தளவாய்புரத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். அறுப்பு முடிந்துவிட்டது, இனி அங்கே எனக்கு வேலையில்லை. வழியில் ஒரு புளியமரக் கிளையில் சேலைத் தொட்டில் தொங்கியது. தாய் எதிர்வயலில் கதிர் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிட்டப் போனதும் புளித்த பாலும் வேர்வையும் கலந்த வாடை வந்தது. கால் தானாக நின்றுவிட்டது. சிரிக்காதீர்கள், நானும் ஒரு காலத்தில் கூலிக்குத் தொட்டில் ஆட்டியவன்தான்.

அதற்கு முன்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் வீட்டில் பங்கா, அதாவது கூரையில் தொங்கும் துணி விசிறி, இழுத்தேன். பாதிப் படிப்பில் ஓடிவந்தவனுக்கு வேறென்ன கிடைக்கும்? காற்று வக்கீலுக்கு, தூக்கம் எனக்கு. அதனால் அந்த வேலையும் போயிற்று. ராஜபாளையத்தில் பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் அரவை ஆலை ஒன்றில் வேலை கேட்டபோது, கயிறு இழுப்பாயா என்று மட்டும் கேட்டார்கள். கொட்டகைக்குள் போய்ப் பார்த்தால் எட்டுத் தொட்டில்கள். எல்லாவற்றையும் கோத்து ஒரே கயிறு.

ஆலையில் வேலைசெய்த பெண்களின் கைக்குழந்தைகள் அவை. பார்த்துக்கொண்டவள் சவரியம்மாள். இன்ன பிள்ளைக்குப் பக்கத்தில் என் பிள்ளையைப் போடாதே என்று சாதி சொன்ன தாய்மாரும் உண்டு. அவர்களுக்குத் தள்ளித்தான் கட்டிக்கொடுத்தாள். கயிறு ஒன்று என்பதால் நான் இழுத்தால் எல்லாரும் சேர்ந்துதான் ஆடினார்கள்.

"எழுத்து, பாட்டு ஏதாச்சும் சொல்லிக் குடுக்கலாமேக்கா?" என்றேன் ஒருநாள்.

"ஒனக்கே எழுத்து தகராறு. நீ கயித்த இழு."

"பொறவு இது எதுக்குத்தான்?"

"முதலாளிக்கு மிஷின் நிக்கக் கூடாது. எனக்குப் பிள்ளை ஏங்கக் கூடாது. ரெண்டும் ஒத்துப்போற மட்டும் இந்தக் கொட்டகை இருக்கும்."

தாய் உடுத்திக் கழற்றிய சேலையைத் துவைக்காமல் கொண்டுவர வேண்டும், அதில்தான் தொட்டில். இது அவள் வைத்த சட்டம்.

ஆலையைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வருவதாகச் செய்தி வந்தது. மேஸ்திரி பழைய சேலைகளை எல்லாம் அவிழ்க்கச் சொல்லி, கஞ்சி மணம் மாறாத புதுக் காடாத் துணியைக் கொண்டுவந்து போட்டார்.

"தாய் வாடை இல்லாட்டித் தூங்காதுக, மேஸ்திரி" என்றாள் சவரியம்மாள்.

"அழுக்குத் துணிய அவிய பாத்தா யாருக்கு அசிங்கம்? கட்டு."

துரைசானி வந்த நேரம் பார்த்து ஒன்று அழுதது. அது அழ, எட்டும் அழுதன. வக்கீலுக்குக்கூட நான் அம்புட்டு வேகமாக இழுத்ததில்லை. இழுக்க இழுக்க அழுகை ஏறியது. முதலில் ஓடிவந்தவள் காளியம்மாள். புருஷன் இல்லை, வீட்டில் வேறு ஆளும் இல்லை, நாலு மாதப் பிள்ளை. மாராப்பு நனைந்திருந்தது. அவள் பின்னால் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். பருத்தி ஊட்ட ஆளில்லாமல் மிஷின்களை நிறுத்தவேண்டியதாயிற்று. பிள்ளைகள் பால் குடிப்பதைத் துரைசானி சற்று நேரம் நின்று பார்த்தார். பிடித்திருந்தது போலத்தான் தெரிந்தது. முதலாளி மிஷின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மேஸ்திரி வந்து சொன்னார்: "நாளையிலருந்து கொட்டகை கெடையாது. கைப்பிள்ளக்காரிக வேலைக்கு வர வேண்டாம்."

"பிள்ளைய எங்க போட? ஒம்ம தலையிலயா?" என்றாள் காளியம்மாள்.

பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த தன் சேலையை உதறி, பிள்ளையை அதில் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

சவரியம்மாள் எந்த ஊருக்குப் போனாளோ தெரியாது. கொட்டகையில் பருத்திக்கொட்டை மூட்டைகளை அடுக்கினார்கள். பிறகு கொட்டகையையே பிரித்துவிட்டார்கள். அப்படி ஒன்று இருந்ததென்று சொன்னால் இன்றைக்கு அந்த ஆலையில் நம்ப ஆளில்லை.

கொட்டகையை மூடிய மறுநாள் காலை எனக்கு அங்கேயே வேறு வேலை கொடுத்தார்கள். காளியம்மாள் நின்ற மிஷினுக்குப் பருத்தி ஊட்டும் வேலை.